யாரும் ஊகிக்க முடியாத வாக்கியம்

பாஸ்வேர்டு எப்படி வைப்பது என்று ஆபீஸில் வகுப்பே எடுத்தார்கள். ஆபீஸ் மெயில் எங்கள் போனிலும் வருவதால் இந்தக் கெடுபிடி. பிறந்தநாள் கூடாது, பிள்ளை பெயர் கூடாது. யாரும் ஊகிக்க முடியாத, நீங்கள் மறக்கவே மாட்டாத ஒரு முழு வாக்கியத்தை வையுங்கள் என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர். அன்று காலைதான் நான் பாத்திரம் தேய்க்கும் லட்சணத்தைப் பற்றி மாமியார் ஒரு பிரசங்கமே செய்திருந்தார். வாக்கியத்தை நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன். சண்டை மறுநாளே ஆறிப்போனது. பாஸ்வேர்டு மட்டும் தங்கிவிட்டது.

இன்று மாமியாருடைய கழுத்துக் கட்டியின் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். என் கணவர் வெளியூரில். எனக்கு லீவு இல்லை. ரிப்போர்ட் வந்திருந்தது என் போனில். போனைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடிவந்தேன். சற்று நேரத்தில் அது தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி கவுண்டரிலிருந்து ஆபீஸ் நம்பருக்கு அழைத்தார்.

"போன் ஏதோ பாஸ்வேர்டு கேக்குதும்மா. சொல்லு, அடிச்சுக்கறேன்."

"நானே கிளம்பி வரேன் அத்தை."

"நீ வர்றதுக்குள்ள டாக்டர் போயிடுவாராம். நேத்து ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லே. சொல்லும்மா."

ஒரு நிமிஷம் என்று சொல்லி வைத்துவிட்டு, ரிப்போர்ட்டை நேராக டாக்டருக்கு அனுப்பச் சொல்ல லேபுக்கு அழைத்தேன். எடுக்க ஆளில்லை. மாமியாரே மறுபடி அழைத்தார். இனி எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

"கே," என்றேன்.

"கே," என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"ஐ. இசட். ஹெச். ஏ. வி. ஐ."

ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். கிழவி முடிந்தது. அதற்குப் பிறகு அவர் குரல் வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. 'எப்போ போய்ச் சேரும்' என்ற மிச்சத்தை நான் எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்தேன். பக்கத்து மேஜைக்காரி வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"திறந்துடுச்சு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையவே கால் கூசியது. மாமியார் போனை என் முன்னால் வைத்தார்.

"சாதாரணக் கட்டிதானாம். பயப்பட ஒண்ணும் இல்லையாம்."

"அத்தை, அது ஏதோ கோபத்துல..."

"கோபத்துல வாய்விட்டுச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு திட்டு திட்டிட்டு மறந்திருப்பேன். இதை தினமும் எத்தனை தடவை அடிப்பே?"

அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவருக்கு மாத்திரை வாங்க, அவர் பிறந்தநாளுக்குப் புடவை பார்க்க, எல்லாவற்றுக்கும் அதைத்தான் அடித்திருக்கிறேன். அதன் அர்த்தமே எனக்கு மரத்துப்போயிருந்தது.

"இப்பவே மாத்திடறேன் அத்தை," என்று போனை எடுத்தேன்.

அவர் எழுந்து போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

புதியதை வைக்க வேண்டுமென்றால் முதலில் பழையதைக் கொடு என்றது போன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அதை இன்னொரு தடவை முழுசாக அடித்தேன்.