ஒரே குடத்துத் தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, வானத்துக்கு அப்பால் நடந்த கதை சொல்றேன்.

வேற்றுக்கோளைப் பிடிக்கப் போன மனிதப் படைக்குக் கண்டிப் பக்கத்துத் தெல்தெனிய ஊர்ச் சுவக்கின்தான் வழிகாட்டி. அங்கே மலைக்குடிக்கும் ஆற்றுக்குடிக்கும் தீராப் பகை.

"ஒருத்தர் தண்ணிய மத்தவங்க தொடமாட்டாங்க சேர். தனித்தனியா அடிச்சிரலாம்," என்று தளபதிக்கு யோசனை சொன்னான்.

விடிந்தபோது இரு குடியினரும் ஒரே குடத்தில் வாய்வைத்துக் குடித்துவிட்டு, தோளோடு தோள் சேர்ந்து எதிரே நின்றார்கள்.

சுவக்கினுக்குத் தலை குனிந்தது. தேயிலைத் தோட்டத்தில் துரைமார் லயத்து வீடுகளை இடித்து விரட்டிய அன்றும், அவனுடைய சனங்கள் சாதிக்கொரு குவளையோடுதான் வெளியேறினார்கள்.

"என்ன சுவக்கின், அடிப்பமா?"

"வேணாம் சேர். இவங்கள எங்க ஆளுங்க மாதிரி நெனச்சிட்டேன்."

ஒன்றாய் நின்ற கூட்டத்தைப் பார்த்த தளபதி விண்கப்பலைத் திருப்பினார். சுவக்கின் கண்டிவரை நிமிரவேயில்லை.

உங்க வீட்டுக் குடம் நிறைஞ்சே இருக்கட்டும். யார் வந்தாலும் அதே குவளையில ஊத்துற கை தழைக்கட்டும்.