கருப்பு ஈயம்

நாத்தனார் பாண்டீஸ்வரி வாங்கி வந்த சாக்லேட்டை இனித் தின்ன மாட்டேன் என்று சுபலட்சுமி சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஒன்பது நாளும் தின்றாள். தின்னாமல் தப்ப முடியாது. நாத்தனார் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டைக்குள் இறங்குகிற வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

சுபலட்சுமிக்கு ஆறு மாதம். முதல் பிள்ளை நாலாம் மாதமே தங்காமல் போயிற்று. கண்டதைத் தின்று கரைத்துவிட்டாள் என்று சோழவந்தானில் அந்தத் தெரு முழுக்கச் சொன்னவள் பாண்டீஸ்வரிதான். இந்த முறை ரத்தம் குறைவு என்று டாக்டரம்மா சொன்னதும் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மாட்டுத்தாவணிக்குப் பூ வாங்கப் போனபோது, டார்க் சாக்லேட்டில் இரும்புச்சத்து என்று யாரோ சொன்னார்கள். பக்கத்துக் கடையில் தேதி முடியப்போகும் சரக்கு பாதி விலைக்குக் கிடந்தது. பன்னிரண்டு சாக்லேட் கட்டிகளை அள்ளி வந்துவிட்டாள்.

சுபலட்சுமி போனில் தேடிப் பார்த்தாள். சில டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்ததில் ஈயமும் காட்மியமும் இருந்ததாம்; கர்ப்பிணிகள் தினமும் தின்பது நல்லதல்லவாம். அந்தப் பட்டியலில் இந்தக் கம்பெனி பெயரே இல்லை. நல்லதா கெட்டதா என்று சொல்ல ஆளில்லாததுதான் அவளுக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

"மதினி, இதுல ஈயம் இருக்குமாம். வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

பாண்டீஸ்வரி சிரித்தாள். "ஈயந்தானே? புளிக்கொழம்பு வைக்கிற பித்தளச் சட்டிக்கு ஈயம் பூசாமயா பொங்குறோம்? அதுல தின்னுதான் ஒம் புருசன் இம்புட்டு ஒசரம் வளந்தான்."

சுபலட்சுமி பொறுமையாகத்தான் விளக்கினாள். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். சாக்லேட்டில் சொல்வது காரீயம். இரண்டும் வேறு வேறு. நாத்தனார் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை என்று கண்டு, இன்னும் எளிதாகச் சொல்லப் போய் வாயை விட்டாள்.

"வெள்ள ஈயம் ஒன்னுஞ் செய்யாது மதினி. கருப்பு ஈயந்தான் விஷம்."

சுபலட்சுமி நல்ல சிவப்பு. அவள் பிறந்த ஊரான பேரையூரில் நிச்சயத்தன்று அவளுடைய சித்தி, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கரிச்சட்டி என்று பந்தியில் சொன்னது பாண்டீஸ்வரி காதில் விழுந்திருந்தது. நாலு வருசமாகியும் அது ஆறவில்லை.

புருசன் அழகுராஜா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி, கருப்பு மிட்டாயத் தின்னா நம்மள மாதிரி கருப்பாப் பெத்துருவாளாம். அதான் வேணாங்கிறா. ஈயத்துலகூட வெள்ள ஒசத்தியாம், கருப்பு விஷமாம். எம் மொகத்துக்கு நேராச் சொல்றா."

அப்படிச் சொல்லவில்லை என்று சுபலட்சுமி போனைக் காட்டினாள். அவன் பார்க்கவில்லை. ஒரு கட்டியைப் பிரித்து, துண்டு ஒன்றை ஒடித்து நீட்டினான்.

"அப்படி இல்லேன்னா தின்னு காட்டு."

"கருப்பாவே பெறக்கட்டும்" என்றாள் அவள். "உங்களவிடக் கருப்பாப் பெறக்கட்டும். உசுரோட பெறக்கணும், அம்புட்டுத்தான் எனக்கு. போன தடவ நான் தின்னுதான் போச்சுன்னு தெருவுக்கே சொன்னாக. இந்தத் தடவ ஏதாச்சும் ஆனா, நாந்தான் ஊட்டிவிட்டேன்னு உங்க அக்கா சொல்வாகளா? கேட்டுச் சொல்லுங்க, தின்னுறேன்."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா வாசல் பக்கம் பார்த்தாள்.

நீட்டிய கை மெல்ல இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். எடுத்த நர்ஸம்மா, டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னாள்: தினமும் அது வேண்டாம், நிறுத்திவிடுங்கள், இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் போதும், ஒன்பது நாள் தின்றதற்காகப் பதற வேண்டாம், வெள்ளிக்கிழமை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரில் எல்லாமே கேட்டது.

"சரி, பேரையூர்க்காரி ஜெயிச்சிட்டா" என்றாள் பாண்டீஸ்வரி. "ஆனா வளைகாப்புல மொத வளையல் நாத்தனாதான் போடணும். எங் கை இவளுக்கு நீளாது, சொல்லிப்புட்டேன்."

அழகுராஜா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். சுபலட்சுமி முந்திக்கொண்டாள்.

"மொத வளையல நானே போட்டுக்கிறேன் மதினி. நீங்க பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போங்க."

பாண்டீஸ்வரி எழுந்திருக்கவில்லை. தம்பி கையிலிருந்த கட்டியை வெடுக்கென்று பிடுங்கி, பாதியை ஒரே கடியில் வாயில் அடைத்துக்கொண்டாள்.

"எனக்கென்ன. நான் என்ன பெறப்போறேனா?"

கசப்பில் முகம் கோணியது. துப்பாமல் மென்றாள். இருவரும் பார்க்கப் பார்க்க அடுத்த கட்டியைப் பிரித்தாள்.