பேர் வெட்டாத துரை

சேரம்பாடி சர்க்கார் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வேலைக்குப் போனது எழுபத்தைந்தாம் வருஷம். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பங்கஜம் என்றால் கோபக்காரி என்று குன்னூரிலேயே பேர் வாங்கியிருந்தேன். நார்வேயிலிருந்து வந்திருந்த லுண்டே தம்பதிக்குச் சமைத்துப் போட வேண்டும், அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும், தோட்டத்து ஜனங்கள் பேசுவதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்றார்கள். கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்த இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. அவர்களுடைய இங்கிலீஷும் ஏறக்குறைய அதே லட்சணம்தான் என்பதால் காலம் ஓடியது.

இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அய்யா மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். அம்மாள் பள்ளிக்கூட டீச்சர். பேரன் பேத்தியோடு காலை நீட்டி உட்கார வேண்டிய வயதில், அவர்கள் ஊர்ச் சபை அனுப்பி வைக்க, மூன்று வருஷ ஊழியத்துக்குக் கடல் தாண்டி வந்துவிட்டார்கள். ஊழியம் என்றால் பெரிய பிரசங்கம் ஒன்றும் கிடையாது. காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிப்பார்கள். பிறகு சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பார்கள். அப்புறம் அய்யா ஏணியைத் தூக்கிக்கொண்டு, அந்தக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரைத் தகரத்தில் ஓட்டை அடைக்கப் போய்விடுவார். அம்மாள் பெண்களுக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக் கொடுப்பார். அவரவர் துணியை அவரவரே துவைத்துக்கொள்வார்கள். "நான் எதுக்குங்க இங்க இருக்கறேன்?" என்று எத்தனை தடவை சண்டை பிடித்தும் அய்யா தன் காலுறையை என் கையில் தரவில்லை. மூன்று வருஷத்தில் ஒருத்தரையும் மதம் மாற்றவில்லை. லயம் முழுக்க ஒரே மாதிரி நீல ஸ்வெட்டர் போட வைத்ததுதான் மிச்சம்.

தன்னைத் துரை என்று கூப்பிட வேண்டாம், சகோதரர் என்று கூப்பிடுங்கள் என்று அய்யா கேட்டுக்கொண்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். எல்லாரும் கவனமாகக் கேட்டுவிட்டு, "சரிங்க தொரெ" என்றார்கள்.

காலை ஏழு மணிக்குப் பால். சிலோன் தோட்டங்களில் விடிந்ததும் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களாம். அதற்குப் பெரட்டு என்று பேர். எங்கள் பால் வரிசையையும் பெரட்டு என்றே சொன்னார்கள். அம்மாள் லிஸ்ட்டைப் பார்த்து, நாக்கு சுளுக்கிக்கொள்ளும்படி ஒவ்வொரு பேராக வாசிப்பார். பிள்ளை "இருக்கேன்" என்று சொல்லும். நான் அலுமினியத் தம்ளரில் பால் ஊற்றுவேன். மொத்தம் இருபத்து மூன்று பேர்.

கடைசிப் பேர் அன்னக்கிளி, வயது ஆறு. அவளுடைய அம்மா தெய்வம்மா வரிசையின் கடைசியில், இடது தோளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பாள். பிள்ளை கம்பளிக்குள் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தோள் ஒரு பக்கமாகத் தாழ்ந்து, கழுத்து நரம்பு புடைத்திருக்கும். ஆறு வயதுப் பிள்ளையை இறக்கி விடாமல் இதென்ன செல்லம் என்று எனக்கு எரிச்சலாக வரும். பேர் கூப்பிட்டதும் கம்பளிக்குள்ளிருந்து தூக்கக் கலக்கத்தோடு, "இருக்கேன்" என்று சின்னக் குரல் கேட்கும். தெய்வம்மா தம்ளரை வாங்கிக்கொண்டு வேலியோரம் போய்விடுவாள். மழைக்காலத்தில் அங்கே பனிமூட்டம் அப்பிக் கிடக்கும். பத்தடி தள்ளி நிற்பவர் யார் என்றே தெரியாது.

அவள் திருப்பித் தரும் தம்ளரில் பால் அப்படியே இருக்கும். நான் ஆவி பறக்க ஊற்றிய பால், இரண்டு நிமிஷத்தில் கிணற்றுத் தண்ணீர்போல் சில்லிட்டுத் திரும்பி வரும். வீணாக்குகிறாளே என்று ஒரு நாள் திட்டிக்கொண்டே கவிழ்த்தேன். அடியில் ஒரு சிட்டிகை மணல் இருந்தது. வெள்ளை மணல். எங்கள் மலையில் சிவப்பு மண்ணைத் தவிர வேறு மண் கிடையாது. மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

அன்றைக்குப் பயத்தைவிடக் கோபம்தான் எனக்கு முன்னால் வந்தது. மற்ற பிள்ளைகள் போன பிறகு வேலியோரம் போய், "ஏம்புள்ள, என்னைய என்ன கேனச்சின்னு நெனச்சிட்டயா?" என்று கம்பளியைப் பிடித்து இழுத்தேன். கம்பளி கையோடு வந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் அவளுடைய தோள் நிமிரவில்லை. தாழ்ந்தது தாழ்ந்தபடியே இருந்தது.

அவளை அடுப்படிக்குப் பின்னால் விறகுக் கட்டையின்மேல் உட்கார வைத்தேன். அப்போது அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஹட்டன்ல ரயில் கோச்சி ஏறுறப்பவே புள்ளைக்குக் காய்ச்சல்க்கா. தலைமன்னார் வர்றதுக்குள்ள மூச்சு நின்னுருச்சு. எங்க மூணு பேருக்கும் சேத்து ஒரே பாஸ்போட்டு. செத்ததச் சொன்னா, பேப்பர் மாத்தணும், பொலிஸ் வரணும்னு நிறுத்திருவாங்க. கப்பல் போயிரும். லயத்துக் காம்பராவும் போயிருச்சு, திரும்பப் போக எடமில்ல. அதனால எங்க வீட்டுக்காரரு ரயில் ரோட்டுக்குப் பக்கத்துல, கையாலயே மணலத் தோண்டி வச்சாரு. நான் இந்தக் கம்பளியத் தோள்ல போட்டுக்கிட்டு வரிசையில நின்னேன். கப்பல்ல ஏத்துற அய்யாமாரு பேர் கூப்பிட்டாங்க. தூங்குறான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள தோள்லருந்து 'இருக்கேன்'னு சத்தம் வந்துச்சு."

கையிலிருந்த கம்பளியை அவள் மடியில் வைத்தேன்.

"மண்டபம் கேம்புல கூப்பிட்டாங்க, இருக்கேன்னு சொன்னா. இங்க தொரசாணி கூப்பிடுறாங்க, சொல்றா. பேர் இருக்குறவரைக்கும் பெரட்டுக்கு வரத்தானே வேணும்? புள்ள தூங்கவே இல்லக்கா. வயித்துல உள்ளது பொறக்குறதுக்கு முன்ன அவ தூங்கிறணும். தொரெகிட்ட சொல்லி அவ பேர வெட்டச் சொல்லுங்க."

பேர் வெட்டுவது என்றால் செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டு ஆளை நீக்குவது. சிலோன் தோட்டத்தில் அவர்களுக்கு அதைவிடப் பயமான வார்த்தை கிடையாது. இவள் பெற்ற பிள்ளைக்காக அதைக் கேட்டு வந்து நிற்கிறாள். லிஸ்ட்டில் அந்தப் பேரை நானே அடித்து விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"கணக்கப்பிள்ள வெட்டுனாலே செல்லாதுக்கா. தொரெ கையால பேனாக் கோடு விழுந்தாத்தான் பேர் போகும்."

அன்று மத்தியானமே அவளை அய்யாவிடம் கூட்டிப் போனேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன். நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்க வேண்டும். ஏழு மாதமாக இல்லாத பிள்ளைக்குப் பால் ஊற்றியவள் நான். அதை எப்படிச் சொல்வது, சொன்னால் பைத்தியக்காரி என்று நினைப்பார்களோ என்று வீம்பு குறுக்கே வந்தது. "அன்னக்கிளிக்கு இனிமேல் பால் வேண்டாமாம். அவள் பேரை இங்கிருந்து எடுத்துவிடச் சொல்கிறாள்" என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னேன்.

அய்யா தெய்வம்மாவின் அழுத முகத்தைப் பார்த்தார். யாரோ அவளை மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போல. "ஒரு குழந்தையின் பேரைக் கோடு போட்டு அடிக்க நாங்கள் வரவில்லை, பங்கஜம். எழுதத்தான் வந்தோம்" என்றார். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பால் லிஸ்ட்டை விட்டுப் போகிற பிள்ளைகளின் பேரை ஆளுக்கொரு அட்டையில் டைப் அடித்து ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே சபையில் ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை. அந்த வீட்டார் தினமும் காலையில் அந்தப் பேரைச் சொல்லி ஜெபம் செய்வார்கள். அன்னக்கிளியின் பேரையும் அப்படி ஓர் அட்டையில் அடித்து உறைக்குள் வைத்தார். பால் லிஸ்ட்டை அவள் பேர் இல்லாமல் புதிதாக அடித்தார். கோடு எதுவும் போடவில்லை.

"வெட்டிட்டாரு புள்ள. நிம்மதியா ஊட்டுக்குப் போ" என்று தெய்வம்மாவிடம் சொன்னேன்.

தபால் போன மறுநாளிலிருந்து குரல் வரவில்லை. தெய்வம்மாவின் தோள் நிமிர்ந்தது. கம்பளி இல்லாமல், மற்ற பெண்களோடு சிரித்துக்கொண்டே கொழுந்து எடுக்கப் போனாள். முகத்தில் சதை போட்டது. பார்த்தாயா, பங்கஜம் கை வைத்தால் காரியம் எப்படி முடிகிறது என்று எனக்குள்ளே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அம்மாள் கஞ்சி குடித்துக்கொண்டே பிரித்து, சிரித்தபடி எங்களுக்கு இங்கிலீஷில் வாசிக்க ஆரம்பித்தார். அவர்கள் ஊரில் பண்ணை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு வயதான தம்பதி எழுதியது. 'அன்னக்கிளியின் அட்டையைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருக்கிறோம். தினமும் காலையில் பேரை வாசிக்கிறோம். இப்போது இங்கே குளிர்காலம், பத்து மணி வரை வெளிச்சமே வராது. மூன்றாவது வாரத்திலிருந்து மேஜையின் அந்தக் கோடியில் யாரோ பதில் சொல்கிறார்கள். குழந்தைக் குரல். எங்களுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறோம். என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதுங்கள்.'

அம்மாளின் சிரிப்பு நின்றுபோனது. அந்தச் சொல்லுக்கு அவருக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. தினமும் இருபத்து மூன்று தடவை கேட்டவர்தானே. கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளையை நான் பார்க்க வேண்டும். கூட்டிக்கொண்டு வா" என்றார்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மணல், கம்பளி, தலைமன்னார், எதையும் விடவில்லை. அய்யா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "செத்துப்போன பிள்ளை என்று நீ சொல்லியிருந்தால் அன்றைக்கே கோடு போட்டிருப்பேனே. எங்கள் சபைப் புத்தகத்திலும் அப்படித்தான் செய்வோம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது.

தெய்வம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். நிறைமாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கள அனுப்புன மாதிரியே அவளையும் அனுப்பிட்டீங்களாக்கா?" என்றாள். "ஒரு அட்டையில பேர எழுதி, தெரியாத ஊருக்கு."

நான் எழுந்து அய்யாவைக் கூட்டிவரப் போனேன்.

சாயங்காலம் அய்யா அவளுடைய வீட்டுக்கு வந்து, தலை இடிக்காமல் குனிந்து நின்றார். பழைய லிஸ்ட்டைக் கொண்டு வந்திருந்தார். அவள் கண்முன்னாலேயே அன்னக்கிளி பேர்மேல் கோடு போடுவதாகச் சொன்னார். தெய்வம்மா எழுந்து நின்று, "வேணாங்க தொரெ. பேர் எங்க பதிஞ்சிருக்கோ அங்கதான் வெட்டணும். அங்க இருக்குறவங்களும் தொரெமாருதானே, அவங்கள வெட்டச் சொல்லுங்க" என்றாள். இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அட்டையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், குழந்தை தூங்கட்டும் என்று அய்யா அன்றைக்கே அந்தத் தம்பதிக்குக் கடிதம் எழுதினார்.

தெய்வம்மாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம்தான். தபால்காரர் வருகிற நேரத்துக்கெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பங்களா வாசலில் வந்து நிற்பாள். கேட்க மாட்டாள். நான் கையை விரித்ததும் போய்விடுவாள். ஆறு வாரம் அப்படிப் போனது.

பதில் வந்த அன்றும் நின்றிருந்தாள். அம்மாள் கடிதத்தைத் தனக்குள் வாசித்துவிட்டு என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வாசலுக்குப் போய்த் தெய்வம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் மாற்றாமல் சொன்னேன். இனி ஒரு பொய்யும் அவளிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"கோடு போட மனசு வரலீன்னு எழுதியிருக்காங்க புள்ள. அந்த ஊட்டுல இருவது வருஷமா கொழந்தைச் சத்தமே இல்லீயாம். தெனமும் அவளுக்கு ஒரு தம்ளர் பால் வெக்கறாங்களாம். மன்னிச்சுக்கங்க, எங்களால அவள அனுப்ப முடியாதுன்னு எழுதியிருக்காங்க." மீதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "போன வாரத்துலருந்து அவுங்க பாஷையிலயே பதில் சொல்றாளாம்."

தெய்வம்மா பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"என்னான்னு சொல்றாளாம்?"

"ஹேர்."

அவள் அதை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். வாயில் சரியாக வரவில்லை.

"அப்படின்னா?"

"இங்க இருக்கேன்னு அர்த்தம்."

"இங்கன்னா," என்றாள், "அந்த ஊர்லயா அக்கா?"

"ஆமாம் புள்ள" என்றேன்.