எமில் போடாத கையெழுத்து

என் கணவன் எமில் பெயரில் நான் கையெழுத்துப் போடுவது புதிதில்லை. மகளின் பள்ளி ரிப்போர்ட், காசோலை, சர்ச் நன்கொடைச் சீட்டு எல்லாவற்றிலும் அவன் பெயரை எழுதுவது என் கைதான். அதனால் தவக்கால வெள்ளிக்கிழமை சர்ச் கூடத்தில், பொரித்த மீனுக்காக வரிசையில் நின்றபோது, காற்றாலைக் கம்பெனிப் பெண் நீட்டிய படிவத்திலும் 'எமில் ஹுடாக்' என்று எழுதிவிட்டேன். கரண்ட் பில் அவன் பெயரில்தானே வருகிறது.

எங்கள் பென்சில்வேனியாவில் இப்போது கரண்டை யாரிடம் வாங்குவது என்பது நம் இஷ்டம். கம்பி பழையதுதான், பணம் மட்டும் நாம் சொல்கிற கம்பெனிக்குப் போகும். நான் காற்றைச் சொன்னேன். மகள் ஜோலீனுக்கு இழுப்பு. ஊர் ஓரத்து அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வரும். என்ன செய்ய, அங்கேதான் எமில் பத்தொன்பது வருடமாகக் கொதிகலன் பிரிவில் வேலை பார்க்கிறான். அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் பழைய கம்பெனியிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. கம்பெனி மாறுகிறீர்கள், வேண்டாமென்றால் பத்து நாளுக்குள் சொல்லுங்கள் என்று.

"இது உன் வேலையா?" என்றான்.

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"நான் எரிக்கிற நிலக்கரிலதான் இந்த வீடே ஓடுது, பெர்ட்டா."

"உம் பொண்ணு இழுக்குற மூச்சுலயும் அதுதான் இருக்கு."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒன்பது நாள் அவன் என்னிடம் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லாம் திமிர்தான்.

பத்தாம் நாள் மதியம், அவனை ஷிஃப்டுக்கு அழைத்துப்போக டுவேன் வந்தான். எமிலோடு வேலை பார்ப்பவன். சர்ச் கூடத்துச் செய்தி மின் நிலையம் வரைக்கும் போயிருந்தது போலிருக்கிறது.

"என்னடா எமில், இது காத்துல போட்ட காபியா? ஆறிக் கெடக்கு," என்றான். "எல்லாரும் உன் வீடு மாதிரி மாறினா, நமக்கு வேலையே இருக்காது."

அப்போது ஃபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ஹுடாக் சார் இருக்காருங்களா?" என்றாள் பழைய கரண்ட் கம்பெனியிலிருந்து ஒரு பெண். "கேக்காமயே கம்பெனிய மாத்திடுறாங்கன்னு ஏகப்பட்ட புகார். படிவத்துல இருக்கிறது அவர் கையெழுத்துதானான்னு அவரே சொல்லணும். இல்லைன்னா இப்பவே ரத்து பண்ணிடலாம்."

ஃபோனை அவனிடம் கொடுத்தேன். எமில் கேட்டுக்கொண்டே நின்றான். டுவேன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தான். பள்ளிக்குப் போகாமல் உள்ளே படுத்திருந்த ஜோலீன் இருமினாள்.

"ஆமாங்க," என்றான் எமில். "என் கையெழுத்துதான்... இல்லங்க, யாரும் கட்டாயப்படுத்தல."

ஃபோனை வைத்தான்.

"நெஜமாவே நீதான் போட்டியா?" என்றான் டுவேன்.

"நான்தான். கெளம்பு, நேரமாச்சு."

டுவேன் வாசலுக்கு நடந்தான். அவனோடு எமில் பத்து மைல் போக வேண்டும். பிறகு நிலையத்தில் எல்லோருடைய பேச்சையும் கேட்க வேண்டும். வாசல் வரை ஓடினேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். டுவேன் பக்கத்திலேயே நின்றான். கேட்டால் எமில் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். சாப்பாட்டு டப்பாவை மட்டும் நீட்டினேன்.

அவன் வாங்கிக்கொண்டான்.

"அவளுக்கு மருந்து குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்," என்றேன்.