அழுக்கு மாஸ்டர்

இயக்குநர் காரிலிருந்து இறங்கி எங்கள் தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தெரு மாறவில்லை. தையல்காரர் வீடு கிளிப்பச்சை. அதற்கடுத்தது ரோஸ். டீக்கடைக்காரர் கடைக்கு மஞ்சள் அடித்து, மீந்ததைப் பக்கத்து மின்கம்பத்துக்கு இடுப்புயரம் வரை பூசியிருந்தார். எங்கள் வீடு உள்ளும் புறமும் இளநீலம். நாங்கள் எல்லாரும் நல்ல துணி உடுத்தி, பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக வாசலில் நின்றிருந்தோம்.

"யார் இப்படிப் பண்ணச் சொன்னது?" என்று கேட்டார். கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல்.

"யாரும் சொல்லல சார். நாங்களாத்தான் பண்ணோம்," என்றார் டீக்கடைக்காரர், பெருமையாக.

இயக்குநர் அப்படியே காரின் முன்பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்கு முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. எங்கள் மாவட்டத்தில், எங்கள் ஆட்களையும் வேலைக்கு வைத்து யாராவது படம் எடுத்தால், ஆன செலவில் ஒரு பங்கை அரசாங்கமே மானியமாகத் திருப்பிக் கொடுக்கும். கேட்டபோது எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நம்ம தெரு மூஞ்சிக்கு மானியமா?" என்று டீக்கடைக்காரருக்குச் சிரித்தே புரையேறியது. ஆனால் இயக்குநர் வந்தார். எல்லாத் தெருவையும் விட்டுவிட்டு, சுவர்க் காரை உதிர்ந்து பாசி பிடித்த எங்கள் தெருவைப் பிடித்துப்போய், வீடு வீடாகப் படம்பிடித்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் வெகுநேரம் நின்றார். சாயம் போன அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "இது போதும்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அவர் தலை மறைந்ததும் தெருவே கூடிப் பேசியது. நாலு பேர் வரப்போகிற வீட்டை ஒட்டடையோடா வைத்திருப்பது? அன்றைக்கே சுண்ணாம்புக்கும் டிஸ்டெம்பருக்கும் ஆள் போயிற்று. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைத் துலக்குகிற ஜனங்கள் நாங்கள். அழுக்கைப் பார்க்கவே ஒருவர் வருவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

எங்கள் வீடு என்றால் மூன்று பேர். நான், என் அண்ணி, அண்ணியின் மகன். அவன் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். தெருவில் அவனுக்குக் கரண்ட்டு என்று பெயர். என் அண்ணன் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. தண்ணீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடுகிற வேலை பார்த்தவர். காலையில் ஊருக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தால், கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்வார். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தெரு. இடது கைப்பக்கம் சமையலறை வாசல். பேச்சு என்பது அவரிடம் கடைசிச் சொட்டுத் தண்ணீர் மாதிரி. குழாயைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும்.

"உங்கண்ணன் கட்டிக்கிட்டது இந்தத் தெருவைத்தான்டி இவளே," என்பாள் அண்ணி. "நான் சீதனத்தோட வந்த பாத்திரம்."

விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் அண்ணன் போன பிறகும் சொன்னாள். அப்போது அதில் விளையாட்டு கொஞ்சம் குறைந்திருந்தது.

அவர் தலை சாய்ந்த இடத்தில் சுவரில் ஒரு எண்ணெய்த் தடம் விழுந்திருந்தது. உள்ளங்கையைவிடப் பெரியது. நடுவில் பழுப்பு, ஓரம் போகப் போக வெளிறி, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி சுவரோடு கரைந்திருக்கும். அவர் போன பிறகு இரண்டு முறை வீட்டுக்கு வெள்ளையடித்தோம். இரண்டு முறையும் அந்தச் சுவரை மட்டும் தொடவிடவில்லை அண்ணி. காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த முறை மகன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவனை லைட் பிடிக்கிற ஆட்களோடு வேலைக்குச் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஆட்களையும் வைக்க வேண்டும் என்ற விதியால் கிடைத்த வேலை.

"அம்மா, பெரிய திரையில வரும்மா. அப்பாவோட தலைக்கறைய ஊரே பாக்கணுமா?"

 ஊர் சிரிக்கும் என்பதைவிட, அண்ணனைப் பார்த்துச் சிரிக்கும் என்பதுதான் அண்ணியைத் தைத்திருக்க வேண்டும். பெயிண்டர் கையிலிருந்த பிரஷை வாங்கிக்கொண்டாள். மற்ற சுவரையெல்லாம் அவன் அடிக்கட்டும், இது ஒன்றை நான் அடிக்கிறேன் என்றாள். மேலிருந்து கீழே, ஒரே சீராக இழுத்தாள். முதல் பூச்சில் தடம் நீலத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. காயவிட்டு இன்னொரு பூச்சு அடித்தாள். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு, வழக்கமாக உட்காருகிற இடத்தை விட்டுவிட்டு, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஆகக் கூடி, இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்த கதை இதுதான். வேறு ஊருக்குப் போகவும் அவருக்கு வழியில்லை. இந்தத் தெரு, இந்த வீடு என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. மாற்றினால் மானியம் இல்லை. மானியம் இல்லாவிட்டால் படமே இல்லை. அன்றைக்கே மானிய ஆபீசிலிருந்து ஓர் அம்மா வந்து, எடுக்கப்போகிற வீடுகளை அந்த நிலையிலேயே படம்பிடித்துக்கொண்டார். வீட்டை எப்படி வாங்கினார்களோ அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும், கடைசியில் நான் வந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வேனில் ஒரு மனிதர் வந்து இறங்கினார். ஒல்லி. வெளுத்த சட்டையில் அவர் பார்த்த வேலையெல்லாம் ஒட்டியிருந்தது. புது வீட்டைப் பழசாக்குவதுதான் அவர் தொழில். வாளி வாளியாக டீத்தண்ணீர், அடுப்புக்கரி, மெழுகு, களிமண், கந்தல் துணி. பிள்ளைகள் அன்றைக்கே அவருக்கு அழுக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

நான் வயதானவள். மழை, வெள்ளம், இடி விழுந்த மரம் எல்லாம் பார்த்திருக்கிறேன். காலத்தை ஒருவர் கையில் துணியோடு நின்று பூசுவதை அப்போதுதான் பார்த்தேன். தையல்காரர் வீட்டுக் கிளிப்பச்சை மேல் எதையோ தெளித்தார், எதையோ துடைத்தார், ஒரு கம்பித் துடைப்பத்தால் லேசாக ஒரு இழுப்பு. பத்து மழைக்காலம் அந்தச் சுவரில் இறங்கிப் போயிருந்தது. குழாயடியில் பாசி ஏறியது. தையல்காரர் தன் வாசலுக்கே வந்து நின்று, யார் வீடோ என்று பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"என் கல்யாணத்தப்போ இருந்த மாதிரியே இருக்கு," என்றார். "ஏங்க மாஸ்டர், எனக்கும் கொஞ்சம் இதே மாதிரி பின்னால போக ஒரு வாளி இருக்கா?"

"உங்க தலைக்கு அடிக்க வேண்டியது டீத்தண்ணி இல்லண்ணே, கறுப்பு. அது கடையிலயே கிடைக்கும்," என்றார் மாஸ்டர், சுவரிலிருந்து பிரஷை எடுக்காமல்.

எங்கள் கூடத்துக்குக் கடைசியாக வந்தார். இயக்குநர் முதல்முறை எடுத்த படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்து, அதற்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் எதுவும் செய்யவில்லை. அண்ணி சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

மாஸ்டர் நீலத்தை மேலாகச் சுரண்டி, மங்கவைத்து, பழைய நிறத்தைக் கொண்டுவந்தார். பிறகு மெழுகை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, சுவரில் ஒற்றினார். எண்ணெய். டீத்தண்ணீர். மறுபடி மெழுகு. ஓரங்களை விரல் நுனியால், தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி, தடவித் தடவிக் கரைத்தார். சுவருக்குள்ளிருந்து அது மெல்ல மேலே வந்தது.  இன்னும் கொஞ்சம் போனால் அதற்குக் கீழே தோளும், வால்வுச் சாவி பிடித்துக் காய்த்துப்போன கையும் வந்துவிடும் போலிருந்தது.

திடீரென்று அவர் நிறுத்தினார். படத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இங்க உக்காந்தவர் யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்," என்றாள் அண்ணி.

"நேரா சாஞ்சு உக்காந்தா கறை வட்டமா விழும். இது வட்டமா இல்ல பாருங்க. வலப்பக்கம் இழுத்திருக்கு. தலையச் சுவர்லேந்து எடுக்காமலே, உருட்டி உருட்டித் திரும்பியிருக்கார். ஒருநாள் ரெண்டுநாள் இல்ல. வருஷக்கணக்கா." படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "இந்தப் பக்கம் டிவி கிவி ஏதாவது இருந்துச்சா? அப்படி என்னத்தப் பாத்துட்டு இருந்தார்?"

 கேட்டுவிட்டு மாஸ்டர் தலையைத் தூக்கி வலப்பக்கம் பார்த்தார். அங்கே சமையலறை வாசல் இருந்தது. வாசலில் அண்ணி நின்றிருந்தாள்.

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தெரியாது. சட்டென்று பார்வையை இறக்கிக்கொண்டு, மெழுகை எடுத்து, வலது ஓரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அண்ணி உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோது எதையோ கிளறுகிற சத்தம் கேட்டது.

படப்பிடிப்பு அன்றைக்கு மேகம் மூடியிருந்தது. சூரியன் இல்லையே, என்ன செய்வார்கள் என்று நான் கவலைப்பட்டேன். நாலைந்து பேராக ஒரு பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் ஏற்றி நிறுத்தினார்கள். அதில் ஒருவன் எங்கள் கரண்ட்டு. இயக்குநர் கையைக் காட்டினார். ஜன்னல் வழியாக, நான் பிறந்ததிலிருந்து பார்த்த அதே முற்பகல் வெயில், ஜன்னல் கம்பி நிழலோடு கூடத்துக்குள் வந்து விழுந்தது. வெளியே தூறல். உள்ளே வெயில். நடிகர் ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தலையைச் சாய்க்காமல் ஏதோ இரண்டு வரி பேசிவிட்டுப் போனார். எனக்கு அவர் முகம்கூட நினைவில்லை. தடத்தின் மேல் வெயில் பட்டபோது அது மினுங்கியது. ஈரத்தலையோடு இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். 

"இவளே," என்றாள் காதோடு. "அங்கேருந்து பாத்தா அடுப்படி தெரியுமா?"

"தெரியும் போலிருக்கே அண்ணி."

"நான் ஒருநாளும் திரும்பிப் பாக்கலையே. எனக்குக் கரண்டிக்கும் சட்டிக்குமே பொழுது சரியா இருந்துச்சே."

எல்லாம் முடிந்து வேன்கள் கிளம்பிய பிறகு, மானிய ஆபீசர் அம்மா வந்தார். தெரு மறுபடி கிளிப்பச்சையும் ரோஸுமாக மாறியிருந்தது. டீக்கடைக்காரர் மின்கம்பத்துக்கும் விடாமல் மஞ்சள் கேட்டு அடித்து வாங்கிக்கொண்டார். எங்கள் கூடம் ஒன்றுதான் பாக்கி. படக் கம்பெனி ஆள் இளநீல வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றார். அழுக்கு மாஸ்டர் ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

ஆபீசர் அம்மா தான் எடுத்த படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல நீலமா இருக்கு. நீலமாத்தான் திருப்பித் தரணும். இல்ல, வீட்டுக்காரங்களே இப்படியே இருக்கட்டும்னு சொன்னா, சொல்லிட்டதா எழுதிக்கிறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. நான் கையெழுத்துப் போட்டாத்தான் இவங்களுக்குப் பணம் போகும்."

"நீலமே அடிச்சிருங்க," என்றான் மகன். பிறகு அம்மா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினான். "அம்மா, இது அப்பா இல்லம்மா. டீத்தண்ணியும் மெழுகும். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அப்பாவோடது அந்த நீலத்துக்கு அடியிலதான் இருக்கு. நீதான அடிச்சே."

அவன் சொன்னது அத்தனையும் சரி. அதனாலேயே எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

அண்ணி சுவரைப் பார்த்தாள். கிட்டே போய்த் தொடுவாள் என்று நினைத்தேன். தொடவில்லை. "ஒரு நிமிஷம் இருங்கம்மா," என்று ஆபீசர் அம்மாவிடம் சொல்லிவிட்டு, கூடத்தைக் கடந்து சமையலறைக்குள் போனாள். தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

சொம்பு சத்தம் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அடுப்படி வாசலுக்கு உள்ளே, இத்தனை வருடமும் சமைக்க நின்ற அதே இடத்தில், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூடத்தைப் பார்த்து நின்றிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகம் வரைக்கும் போய்த் தொட்டது. பெஞ்சுக்கு மேலே தடம் இருந்தது. வாளி மூடி திறக்காமல் இருந்தது. ஆபீசர் அம்மா பேனாவைத் திறந்து பிடித்தபடி, அவள் பார்த்த திசையையே தானும் பார்த்தார்.

அண்ணி கையைத் தூக்கி, நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.