இரு படகு, ஒரு சுக்கான்

லண்டனின் மேற்குப் புறத்துக் கால்வாயிலே படகையே வீடாகக் கொண்டு வாழும் தமிழர் மிகச் சிலர். ஆயினும் அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில் உலவும் ஆலோசனைகள் ஒரு கப்பலை நிரப்பும். குளிர்காலத்தில் டீசல் தாங்கியை நிரப்பி வையுங்கள், இல்லாவிடில் உள்ளே ஈரம் கட்டும். கழிப்பறைத் தொட்டியை விருந்தினர் வருமுன் காலி செய்யுங்கள், வந்தபின் அல்ல. இவற்றுட் பெரும்பாலானவை புவனேசன் எழுதியவை. மலேசியாவிலிருந்து படிக்க வந்து, ரயில்வே பொறியியலாளராக ஓய்வு பெற்ற மனிதர் அவர்.

நீலவேணி குழுவில் அதிகம் பேசமாட்டாள். ஹவுன்ஸ்லோவில் மருந்துக் கடை வேலை. மணமுறிவுக்குப் பின் வாங்கிய படகே அவளுடைய வீடு. அந்த வீட்டுக்குத்தான் இப்போது சோதனை வந்திருந்தது. படகின் அடித்தகடு உறுதியாக உள்ளதென்று வல்லுநர் சொன்னாலன்றிக் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், கிடையாது; காப்புறுதி இல்லாத படகுக்குக் கால்வாயில் இடம் கிடையாது. படகை உள்ளே விட்டு நீரை வடித்து அடியைப் பார்க்கும் பட்டறை ஒன்று பிரெண்ட்போர்ட் பக்கம் இருந்தது; அது படகை அன்று மாலை நான்கு மணிக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தது. தவறினால் அடுத்த இடம் வசந்தத்தில்தான். காப்புறுதியோ அந்த மாதத்தோடு முடிகிறது.

வழியிலே ஹான்வெல்லில் ஆறு லொக்குகள் அடுத்தடுத்து இறங்குகின்றன. லொக் என்பது இரு முனையிலும் கதவுள்ள ஆழமான தொட்டி. மதகைத் திறந்து நீரை வடிக்க, உள்ளே நிற்கும் படகும் கீழே இறங்கும். அங்கே இரண்டு படகுகள் அருகருகே நிற்கலாம். ஆகையால் நீரை வீணாக்காமல் சோடியாக இறங்குவது படகுக்காரரின் வழக்கம். அன்று புவனேசன் சோடியாக வர ஒப்புக்கொண்டிருந்தார்.

முதல் லொக்குக்குச் சற்று முன்னால் அவருடைய இயந்திரம் முனகி நின்றது.

"என்ன அண்ணை, நிண்டிட்டீங்கள்?"

"விசிறியில என்னமோ சுத்திக்கிச்சு லா!"

படகைத் தள்ளும் விசிறியை நீருக்குள்ளே கொக்கிக் கம்பால் துழாவி இழுத்தார். சரிகைக் கரையோடு சிவப்புப் பட்டு ஒன்று மேலே வந்து, அதற்குமேல் அசைய மறுத்தது.

"சீலை!" என்றாள் நீலவேணி. "ஆரோ நேர்த்திக்கடனுக்குத் தண்ணியில விட்டிருக்கினம். எங்கட ஆக்கள்தான், வேற ஆர்?"

"புண்ணியம் அவங்களுக்கு, பாவம் எனக்கு."

"விசிறிக்கு மேல இருக்கிற பின்தட்டு மூடியைத் திறந்தா வெட்டி எடுக்க ஏலுமே?"

புவனேசன் தொண்டையைச் செருமினார். "திருகு துருப்பிடிச்சுப் போச்சு. அசையல."

"மாதம் ஒருக்கா திருகுக்குக் கிறீஸ் பூசச் சொல்லிக் குழுவில எழுதினது ஆர்?"

"எழுதினது நான்தான். பூசணும்னுதான் இருந்தேன்."

செய்தி குழுவுக்குப் போயிற்று. பின்னோக்கி ஓட்டு என்றார் ஒருவர்; முன்னோக்கி ஓட்டு என்றார் மற்றவர்; இரண்டையும் செய்யாதே என்றார் மூன்றாமவர். ஒரு கதையில் நீர்நாய் ஒன்று ஆற்றைக் கடக்கப் புறப்பட்டதாம். கரையில் நின்ற கொக்குகளெல்லாம் எந்தக் காலை முதலில் வைப்பதென்று அதற்குச் சொல்லத் தொடங்கினவாம். அவை சொல்லி முடித்தபோது ஆறு வற்றியிருந்ததாம். நீலவேணி கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"நீங்க போங்க, வேணி. என்னால உங்க நாள் கெட வேணாம்."

"தனியப் போனா மதகைத் திறக்க லொக் ஏணியில ஏறி இறங்கியே பொழுதுபட்டிடும். உங்கட படகை என்ர படகோட கட்டுறன். ரெண்டையும் நான் ஓட்டுறன். நீங்கள் கரையில நிண்டு மதகைத் திறவுங்கோ."

"உங்க இன்ஜின் சின்னதாச்சே!"

"சின்னனெண்டாலும் ஓடுது, அண்ணை."

இரண்டு படகுகளின் மூக்குகளையும் சமமாக வைத்து இறுகக் கட்டினாள். முதல் லொக்கினுள் இரு படகுகளும் நுழைந்தன. மேற்கதவின் அடியில், நீருக்குள்ளே ஒரு கல்திட்டு நீண்டிருக்கும். படகின் வால் அதன்மேல் குந்திவிட்டால், நீர் வடிய வடிய மூக்கு மட்டும் தாழ்ந்து படகு மூழ்கிப் போகும். திட்டு முடியும் இடத்தைச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு காட்டும். தன் படகின் வால் கோட்டுக்கு முன்னே நிற்பதைப் பார்த்துவிட்டே அவள் கையசைத்தாள். புவனேசன் மதகைத் திறந்தார். திறந்த கையோடு, நாயோடு நடந்து வந்த ஒருவருக்கு லொக்கின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார்.

கயிறு கிறீச்சிட்டது. அவருடைய படகின் அடுக்களையில் கோப்பைகள் சரிந்து உடைந்தன. நீலவேணி திரும்பினாள். அவளுடைய படகு இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய படகின் வால் மட்டும் திட்டின்மேல் குந்தி அந்தரத்தில் நின்றது.

"மதகை மூடுங்கோ! அண்ணை!"

அவர் நாய்க்காரருக்கு எதையோ சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"புவனேசன்! மூடு!"

பெயரைக் கேட்டவுடன் அவர் பாய்ந்தார். கீழ்மதகை மூடி, ஓடிப்போய் மேல்மதகைத் திறந்தார். நீர் உள்ளே வந்தது. வால் ஒருமுறை நடுங்கி, திட்டிலிருந்து விடுபட்டு மிதந்தது. நீலவேணி எட்டி அந்த வாலையும் கோட்டையும் பார்த்தாள்.

"என்ர பிழை, அண்ணை," என்றாள். "உங்கட படகு நீளம் கூட. மூக்கைச் சமமாக் கட்டினதால உங்கட வால் பின்னுக்குத் தள்ளி நிண்டிட்டுது. என்ர வாலை மட்டும்தான் பாத்தன். பேர் சொல்லிக் கத்தினதுக்கும் மன்னியுங்கோ."

"நல்லவேளை கத்துனீங்க. அண்ணைன்னா யாரையோ கூப்பிடுறீங்கன்னு இருந்துட்டேன்." அவர் மூச்சு வாங்கினார். "நிறுத்திருவோமா, வேணி? வேற பட்டறை பார்ப்போம்."

"இல்லை. இறங்குவம்."

கயிற்றை அவிழ்த்து, இம்முறை வாலோடு வாலைச் சமமாகக் கட்டினாள். அவருடைய படகின் மூக்கு முன்னே நீண்டு நின்றது, அதனால் கேடில்லை. அதன்பின் ஒவ்வொரு லொக்கிலும் அவள் கீழிருந்து "வால்?" என்று கேட்பாள். அவர் குனிந்து பார்த்து, "ரெண்டும் கோட்டுக்கு முன்னால!" என்பார். அந்த மறுமொழி வராமல் ஒரு மதகும் திறக்கவில்லை. வழிப்போக்கர் பலர் கேள்வி கேட்டனர்; புவனேசன் ஒருவருக்கும் மறுமொழி சொல்லவில்லை.

பட்டறையை அடைந்தபோது நான்கு மணி கடந்திருந்தது. பட்டறைக்கார ஆங்கிலேயர் வாயிலுக்குக் குறுக்கே சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு படகு என்றல்லவா சொன்னார்கள்?"

"ஒன்றுதான்," என்றாள் நீலவேணி ஆங்கிலத்தில். "மற்றது வழித்துணை."

"நேரம் முடிந்துவிட்டது."

"தெரியும். ஒரு லொக்கில் மூழ்கப் பார்த்தோம், மீண்டு வந்திருக்கிறோம். வல்லுநர் நாளை காலை வருகிறார். நான் உள்ளே வரவேண்டும்."

கெஞ்சவுமில்லை, சினக்கவுமில்லை. இயந்திரத்தையும் அவள் நிறுத்தவில்லை. அவர் அவளையும், கட்டுண்டு நின்ற இரண்டு படகுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் சங்கிலியைக் கழற்றித் தரையில் போட்டார்.

புவனேசன் தம் படகை அவிழ்த்துக் கரையில் கட்ட, நீலவேணி தனியே உள்ளே ஓட்டினாள். பட்டறையின் கதவு அவளுக்குப் பின்னே மூடப்பட்டது, நீர் வடிந்தது, படகு மரக்கட்டைகளின் மேல் அமர்ந்தது. கரிய அடித்தகடு பாசி மூடிக் கிடந்தது. நாளை வல்லுநர் அதற்கு என்ன தீர்ப்புச் சொல்வாரோ, தெரியாது. பாசி தகட்டை மறைக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கி, மூலையில் கிடந்த சுரண்டியை எடுத்துத் தகட்டில் வைத்தாள்.

"மேலயிருந்து கீழ சுரண்டணும், வேணி," என்றது விளிம்பிலிருந்து ஒரு குரல். "இல்லாட்டி அழுக்கெல்லாம்…"

"இன்னொரு சுரண்டி கிடக்கு, அண்ணை. இறங்கி வாங்கோ."

புவனேசன் ஏணியைத் தேடினார்.