அரக்கு நாள் துவையல்

பட்டு நூலுக்கு அரக்குச் சாயம் காய்ச்சும் நாளில் எங்கள் வீட்டுக்குள் பால், தயிர், மோர், நெய் எதுவும் வரக் கூடாது. அப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். பால் பொருள் வாசற்படி தாண்டினால் அரக்கு திட்டுத் திட்டாகப் பிடிக்கும் என்பார்கள். அதனால் அன்றைக்குச் சாப்பாடு எப்போதும் ஒன்றுதான். சுட்ட கத்திரிக்காயும் வறுத்த வேர்க்கடலையும் சேர்த்து அரைத்த துவையல், சுடுசோறு, மேலே நல்லெண்ணெய். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு அந்தத் துவையல் என் வேலையானது.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி. மூன்று நாளாக மழை விடவில்லை. வழக்கமாக ஆள் மூலம் பட்டு நூல் அனுப்பும் ராஜகோபால் முதலாளி அன்று காலை தானே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். அவருடைய தறிகளுக்கெல்லாம் நூலுக்குச் சாயம் போடுவது பதினோரு வருஷமாக அப்பாதான். ஆனால் ஆவணியில் போட்ட அரக்கு திட்டாகிவிட்டது. அந்த நூலில் நெய்த கல்யாணப் புடவையில் நிறம் வரி வரியாகத் தெரிந்ததாம்.

கொல்லையிலிருந்த சாயக் கொட்டகையில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் முதலாளி. "அங்கம்மா, ஒரு லோட்டா மோர் குடு. தொண்ட காயுது."

அம்மா தயங்கினாள். "இன்னிக்கி அரக்கு, முதலாளி. பானகம் கரைக்கட்டுங்களா?"

"அட, மறந்துட்டேன். போன தடவ உனக்கு மறந்த மாரி."

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஆவணியில் சாயம் காய்ச்சிய அன்று, கூரம் கிராமத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த மாசமான பெண் ஒருத்தி வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அம்மா பக்கத்து வீட்டில் ஒரு குவளை மோர் வாங்கி வந்து கொடுத்தாள். நூல் திட்டானதும் பழி அந்தக் குவளை மேல் விழுந்தது. அதிலிருந்து அம்மா கையால் அப்பா தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. என்னைக் கூப்பிடுவார்.

முதலாளி மடியிலிருந்து ஒரு இழை நூலை எடுத்தார். "பரமசிவம், இதான் மாதிரி. இதோட ஒத்துப் போவணும். போவலன்னா நான் ஒண்ணும் கத்த மாட்டேன். அடுத்த நூலு ஐயம்பேட்டை சாயக்காரன்கிட்ட போயிடும். அவ்ளோதான்."

"போவும் முதலாளி, ஒத்துப்போவும்," என்றார் அப்பா.

சாய அண்டா நீளமானது, செம்பு. அதன் கீழே அடுப்புக்கு இரண்டு வாய், வலது ஒன்று, இடது ஒன்று. தண்ணீர் சூடேறியதும் கட்டைகளை வெளியே இழுத்துவிட்டு, தணலின் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். வளையமாகச் சுற்றிய பட்டு நூல் கழிகள், மூங்கில் கோல்களில் மாட்டி, சாயத்தில் தொங்கும். அப்பா ஒவ்வொரு கோலாகத் திருப்பிக்கொண்டே போவார். அன்று முதலாளியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வலது பக்கத்திலேயே அதிக நேரம் நின்றார். அலசுவதற்கு அம்மா கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

நான் சமையலறையில் அடுப்போடு போராடிக்கொண்டிருந்தேன். விறகெல்லாம் ஈரம். ஊதினால் புகைதான் வந்தது. புகையில் கத்திரிக்காய் சுட்டால் நாறும், நல்ல தணல் வேண்டும். எனக்குத் தெரிந்த தணல் ஒரே இடத்தில்தான் இருந்தது. இரும்புச் சட்டியையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு போய், நீள அடுப்பின் இடது வாயிலிருந்து இரண்டு சட்டி தணலை வாரிக்கொண்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை. முன்பும் ஒரு தடவை அப்படி எடுத்திருக்கிறேன்.

நான்கு கத்திரிக்காய்களில் எண்ணெய் தடவித் தணலில் புதைத்தேன். ஓரத்தில் இரண்டு தக்காளி, பச்சை மிளகாய், தோலோடு பூண்டு. தோல் கருகி வெடித்து, சாறு தணலில் விழுந்து உஸ்ஸென்றது. வேர்க்கடலையை வறுவோட்டில் வறுத்து, தேய்த்து, தோலை ஊதினேன். உப்பும் புளியும் வைத்து அம்மியில் கொரகொரப்பாக அரைத்தேன். உரித்த கத்திரிக்காயைக் கடைசியில் சேர்த்து இரண்டே இழுப்பு. அதற்கு மேல் அரைத்தால் கூழாகிவிடும்.

கருகிய தோலைக் கொட்டக் கொல்லைக்குப் போனபோதுதான் அண்டாவைப் பார்த்தேன். வலது பாதியில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. இடது பாதியில் சாயம் அசையாமல் கிடந்தது. அண்டாவின் இடது பக்கச் செம்பைத் தொட்டேன். சுட வேண்டும். விரலை வைத்துக்கொண்டே இருக்க முடிந்தது. சூடு குறைந்த பக்கம் சாயம் நூலில் சரியாக ஏறாது.

முன்பு தணல் எடுத்தது எப்போது என்று அப்போது நினைவு வந்தது. அதுவும் ஒரு அரக்கு நாள். ஆவணி. முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் விறகு நனைந்திருந்தது.

"பூவு! ஆசிட் புட்டிய எடுத்தா."

என்னைத்தான் கூப்பிட்டார் அப்பா. ஆசிட் ஊற்றினால் நிறம் நூலைக் கவ்விக்கொள்ளும். அந்த நேரத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே நின்றுவிடும், பிறகு யாராலும் மாற்ற முடியாது. மாடத்திலிருந்து புட்டியை எடுத்தேன். எட்டடி தூரம்தான். வெளி ஆம்பிளைகள் இருந்தால் எனக்கு வாய் வராது, தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். அப்பாவிடம் காதோடு சொல்லலாமென்றால் முதலாளியின் முழங்கால் அவரை ஒட்டி இருந்தது. சொல்லாவிட்டால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள். எவள் மோர் கொண்டு வந்தாள் என்றுதான் கேட்பார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள்.

அப்பா கையை நீட்டினார். நான் புட்டியை மார்போடு பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாதப்பா." சத்தமே வரவில்லை.

"குடுடி."

"ஊத்தாதப்பா! இந்தப் பக்கம் சூடு இல்ல. தணல நான் எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"கத்திரிக்கா சுட."

முதலாளி பெஞ்சிலிருந்து எழுந்தார். "இன்னாது, கத்திரிக்காயா?"

அம்மா கிணற்றடியிலிருந்து வந்து நின்றாள். அவள் கையில் இன்னும் கயிறு இருந்தது. அவளைப் பார்த்ததும் மீதியும் வந்துவிட்டது. "போன தடவையும் நான்தான் எடுத்தேன். மோரு இல்லப்பா. நான்தான்."

அப்பா இடது பக்கம் போய்ச் செம்பில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, "அங்கம், கோல தூக்கு," என்றார். "எல்லாத்தையும் தூக்கு!"

நானும் அம்மாவும் கழிகளை மேலே தூக்கிப் பிடித்தோம். சாயம் முழங்கை வரை வழிந்தது. அப்பா காய்ந்த கட்டை தேடி, கடைசியில் முதலாளி உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஆடிய குறுக்குச் சட்டத்தையே பிடுங்கி இடது வாயில் செருகினார்.

"என் யாவாரம் கத்திரிக்கா கையில போயிடுச்சி பாரு," என்றார் முதலாளி, சுவரோரம் நின்றுகொண்டு.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆவி வரும்வரை காத்திருந்தோம். இடது கோல்களை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி, அரை மணி திருப்பினோம். அப்புறம்தான் அப்பா புட்டியைக் கேட்டார். துளித் துளியாக ஊற்றினார். சாயத் தண்ணீர் மெல்ல வெளுத்தது, நிறமெல்லாம் நூலுக்குள் போனது.

அலசிப் பிழிந்த பட்டு கறுப்பாகத்தான் தெரிந்தது. ஈரத்தில் எல்லா அரக்கும் நல்ல அரக்குதான். காய்ந்தால்தான் தெரியும். இடது கோல் கழியிலிருந்து ஓர் இழையை இழுத்து, சமையலறைத் தணலில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்த வறுவோட்டின் மேல் போட்டார் அப்பா.

"அது காயறவரைக்கும் ஒரு வாய் சாப்பிடுங்க," என்றாள் அம்மா.

முதலாளி சாப்பிட்டார். துவையலை விரலால் வழித்து, எண்ணெய் விட்டுப் பிசைந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். அப்பா இலையைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காலி டம்ளரை அம்மா பக்கம் நீட்டினார். அம்மா முதலாளிக்குச் சோறு போட்டு முடித்து, எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, அப்புறம்தான் தண்ணீர் ஊற்றினாள்.

கை கழுவி வந்த முதலாளி ஓட்டின் மேலிருந்த இழையை எடுத்தார். மாதிரி இழையையும் சேர்த்து இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் குழப்பி, முன்னால் நீட்டினார். அப்பாவிடம் இல்லை, என்னிடம்.

"உங்கப்பன் ஒத்துப்போச்சிம்பான். அவன் பொழப்பு. நீ சொல்லும்மா. எது என்னுது, எது உங்கப்பனுது?"

நான் வாசலுக்குப் போனேன். மழை வெளிச்சத்தில் இரண்டையும் தூக்கிப் பிடித்தேன். சாய்த்துப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், என் புடவை மேல் வைத்துப் பார்த்தேன். பின்னால் அப்பா மூச்சு விடுவது கேட்டது. ஏதாவது வித்தியாசம் இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்றே தேடினேன்.

"தெரியலீங்க," என்றேன்.

அவர் இரண்டு இழைகளையும் வாங்கித் தானும் நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் ஒரே விரலில் சுற்றிக்கொண்டார்.

"அடுத்த நூலு வெள்ளிக்கெழம இங்க வரும், பரமசிவம்," என்று சொல்லிவிட்டு, செருப்பு எங்கே என்று தேட ஆரம்பித்தார்.